மைக்கேல் ஜாக்சன்

மைக்கேல் ஜோசப் ஜாக்சன் (ஆகஸ்ட் 29, 1958 – ஜூன் 25, 2009) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பாடகரும் பாடலாசிரியரும் நடனக் கலைஞரும் ஆவார். பாப் இசையின் அரசர் என்று பரவலாக அறியப்பட்டவர். 1982 இல் வெளிவந்த இவரது "திரில்லர்" உலகிலேயே மிகுதியாக விற்பனையான இசைத்தொகுப்பாகக் கருதப்படுகிறது. நடனத்தாலும் புதுமையான நிகழ்படங்களாலும் இவர் பெற்ற புகழ் பலரும் அறிந்தது. ஆனால் இவரது பாடல்களில் இரண்டு முறையீடுகள் மீண்டும் மீண்டும் ஒலிப்பதைக் காணலாம். ஒன்று, மேடையில் தொலைந்துபோன பிள்ளைப் பருவம் பற்றியது. மற்றொன்று, தன்னை ஓயாமல் துரத்திய செய்தி ஊடகங்கள் பற்றியது. இக்கட்டுரை இவரது வாழ்க்கையை அப்பாடல்களுக்குக் கூடுதல் இடமளித்து விவரிக்கிறது.

பிறப்பும் இளமையும்

இந்தியானா மாநிலத்தின் கேரி நகரில் ஜோசப் – கேத்தரின் இணையருக்கு எட்டாவது குழந்தையாகப் பிறந்தார். கேரி, உருக்காலைக்காகவே 1906 இல் உருவாக்கப்பட்ட நகரம். தந்தை உருக்காலையில் பாரந்தூக்கி இயக்குபவராகப் பணியாற்றினார். ஓய்வு நேரத்தில் தன் சகோதரருடன் ஒரு சிறு இசைக்குழுவில் கித்தார் வாசித்து வந்தார். அக்குழு முன்னேறவில்லை. இரண்டே படுக்கையறைகள் கொண்ட சிறிய வீட்டில் பெரிய குடும்பம் வாழ்ந்தது. வீடு இருந்த தெருவின் பெயரும் ஜாக்சன் தெருதான். ஆனால் அது முன்னாள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ சாக்சனின் நினைவாக இடப்பட்ட பெயர்.

தாய் யெகோவாவின் சாட்சிகள் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். அப்பிரிவினர் கிறிஸ்துமசு, பிறந்தநாள் ஆகியவற்றைக் கொண்டாடுவதில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கிடைத்த இம்மகிழ்ச்சிகள் தனக்குக் கிடைக்கவில்லை என்ற ஏக்கம் பின்னாளில் இவரது பேச்சிலும் பாட்டிலும் வெளிப்பட்டது.

தன் மக்களிடம் இசைத்திறன் இருப்பதை உணர்ந்த ஜோசப், அவர்களைக் கொண்டு ஒரு குழுவை அமைத்தார். மைக்கேல் ஏறத்தாழ ஐந்து, ஆறு வயதில் அதில் சேர்ந்தார். பள்ளி முடிந்து வீடு திரும்பியதும் ஒத்திகை தொடங்கிவிடும். அடி தவறினால் தந்தையின் இடைவார் பேசும். அடித்தது உண்மை என்பதை ஜோசப் பின்னாளில் மறுக்கவில்லை. கண்டிப்பு இல்லாமல் பிள்ளைகள் முன்னேறியிருக்க முடியாது என்பதே அவரது நிலைப்பாடாக இருந்தது. வார இறுதி நாட்களில் குழு சிகாகோ வட்டாரத்தின் இரவு விடுதிகளில் பாடியது. ஆடை அவிழ்ப்பு நடனங்கள் நடந்த விடுதிகளும் அவற்றுள் அடங்கும். தொடக்கப்பள்ளி மாணவன் ஒருவன் நள்ளிரவில் அத்தகைய மேடையில் பாடிவிட்டு, காலையில் வகுப்பில் அமர்ந்திருந்தான்.

1967 இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற அப்பல்லோ அரங்கில் நடந்த புதுமுகங்களுக்கான போட்டியில் ஜாக்சன் 5 வென்றது. 1968 இல் உள்ளூர் நிறுவனம் ஒன்று இவர்களின் முதல் இசைத்தட்டை வெளியிட்டது.

மோட்டவுன் ஆண்டுகள்

1969 இல் டெட்ராய்ட்டைச் சேர்ந்த மோட்டவுன் நிறுவனம் குழுவை ஒப்பந்தம் செய்தது. "ஐ வாண்ட் யூ பேக்" உள்ளிட்ட இவர்களின் முதல் நான்கு தனிப்பாடல்களும் 1970 இல் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தன. நிறுவனத்தின் விளம்பரத்துறை இரண்டு சிறு பொய்களுடன் பணியைத் தொடங்கியது. குழுவைக் கண்டுபிடித்தவர் பாடகி டயானா ராஸ் என்றது. மைக்கேலின் வயதில் இரண்டு ஆண்டுகளைக் குறைத்துச் சொன்னது. வயது குறைந்தால் வியப்பு கூடும் என்பது கணக்கு. தன்னைப் பற்றிய செய்தி உண்மையாக இருக்க வேண்டியதில்லை, விற்றால் போதும் என்ற பாடத்தை இவர் பதினொரு வயதிலேயே கற்றார் எனலாம்.

குழுவினர் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தனர். பள்ளிக்குப் பதிலாகத் தனி ஆசிரியர், விளையாட்டுக்குப் பதிலாக ஒலிப்பதிவு என்று நாட்கள் கழிந்தன. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு எதிரே ஒரு பூங்கா இருந்தது. அங்கே விளையாடிய சிறுவர்களின் ஆரவாரத்தைக் கேட்டபடி வேலைக்குச் சென்ற நினைவைத் தன் வரலாற்று நூலான "மூன்வாக்" (1988) முதல் பல இடங்களில் இவர் பதிவு செய்துள்ளார். 1971 இல் குழுவினரைப் பாத்திரங்களாகக் கொண்ட கேலிச்சித்திரத் தொடர் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகியது. 1972 இல் "பென்" என்ற தனிப்பாடல் முதலிடம் பெற்றது. ஓர் எலியுடன் சிறுவன் கொள்ளும் நட்பைப் பற்றிய திரைப்படத்துக்கான பாடல் அது. துணையற்ற சிறுவன் என்ற கரு இவரது குரலில் முதன்முதலாக அங்கேதான் நிலைத்தது.

தனிப் பாடகராக எழுச்சி

1975 இல் சகோதரர்களுள் பெரும்பாலோர் மோட்டவுனை விட்டு விலகி எபிக் நிறுவனத்தில் சேர்ந்தனர். தயாரிப்பாளர் குயின்சி ஜோன்சுடன் இணைந்து இவர் உருவாக்கிய "ஆஃப் த வால்" (1979), "திரில்லர்" (1982), "பேட்" (1987) ஆகிய மூன்றும் பெரும் வெற்றி பெற்றன. திரில்லர் 37 வாரங்கள் பில்போர்டு பட்டியலின் முதலிடத்தில் இருந்தது. 1984 இல் ஒரே இரவில் எட்டு கிராமி விருதுகளை இவர் பெற்றார். 1983 மே மாதம் ஒளிபரப்பான மோட்டவுன் வெள்ளிவிழா நிகழ்ச்சியில் இவர் ஆடிய நிலவுநடை உலகப் புகழ் பெற்றது.

வெற்றியின் உச்சத்தில் வந்த பாடல்களிலேயே அச்சத்தின் சாயல் உண்டு. திரில்லரின் முதற் பாடலான "வான்னா பி ஸ்டார்ட்டின் சம்திங்" புறம்பேசுவோரைச் சாடுகிறது. "பில்லி ஜீன்" தன் குழந்தைக்கு நீயே தந்தை என்று ஒருவனைக் குற்றஞ்சாட்டும் பெண்ணைப் பற்றியது. சகோதரர்களைத் துரத்திய இரசிகைகள் பலரின் கலவையே அப்பெண் என்று இவர் விளக்கியுள்ளார். நடனத்துக்கு ஏற்ற தாளத்தில் அமைந்ததால், அது ஒரு குற்றச்சாட்டைப் பற்றிய பாடல் என்பதைக் கேட்போர் பலர் கவனிப்பதில்லை.

1984 சனவரியில் பெப்சி விளம்பரப் படப்பிடிப்பின்போது வாணவெடியால் இவரது தலைமுடி தீப்பற்றி உச்சந்தலை கடுமையாக வெந்தது. பின்னாளைய வலிநிவாரணி மருந்துப் பழக்கம் இந்த விபத்தின் சிகிச்சையிலிருந்தே தொடங்கியதாகக் கூறப்படுவதுண்டு.

வதந்திகளும் "லீவ் மீ அலோன்" பாடலும்

1986 இல் மஞ்சள் பத்திரிகை ஒன்றில் இவர் கண்ணாடிக் கூண்டு போன்ற ஆக்சிசன் அறைக்குள் படுத்திருக்கும் படம் வெளியானது. நீண்ட ஆயுளுக்காக இவர் அதற்குள் உறங்குகிறார் என்றது செய்தி. அடுத்த ஆண்டு, "யானை மனிதன்" என்று அழைக்கப்பட்ட சோசப் மெரிக்கின் எலும்புக்கூட்டை இலண்டன் மருத்துவக் கல்லூரியிடமிருந்து இவர் வாங்க முயல்கிறார் என்ற செய்தி பரவியது. இரண்டையும் இவர் பின்னர் மறுத்தார். ஆனால் ஆக்சிசன் அறைச் செய்தியைப் பரப்பியதில் இவரது தரப்பினருக்கே பங்கிருந்தது என்று வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். விளம்பரத்துக்காக வளர்த்த புலி வளர்த்தவரையே பதம்பார்த்தது. இதை விட்டுவிட்டு ஊடகங்களை மட்டுமே குறைசொல்வது முழுமையான வரலாறு ஆகாது.

இதே காலத்தில் இவரது தோல் நிறம் மாறிவந்தது. வெள்ளையராக விரும்பி இவர் தோலை வெளுத்துக்கொள்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின. தனக்கு வெண்புள்ளி நோய் இருப்பதை 1993 பெப்ரவரியில் ஓப்ரா வின்ஃபிரேக்கு அளித்த தொலைக்காட்சி நேர்காணலில் இவர் அறிவித்தார். பலர் நம்பவில்லை. 2009 இல் நடந்த பிணக்கூறாய்வு அந்நோய் இருந்ததை உறுதி செய்தது.

"லீவ் மீ அலோன்" இவ்வதந்திகளுக்கு இவர் அளித்த முதல் வெளிப்படையான பதில் எனலாம். பேட் தொகுப்பின் இறுவட்டில் மட்டும் கூடுதல் பாடலாக இடம்பெற்றது. பாடல் வரிகள் ஒரு காதலியை விலகச் சொல்வதாகவே அமைந்துள்ளன. ஊடகங்கள் பற்றிய பொருளை அதற்குத் தந்தது ஜிம் பிளாஷ்ஃபீல்டு இயக்கிய நிகழ்படம்தான். அதில் ஒரு கேளிக்கைப் பூங்கா வருகிறது. சிறு ஊர்தியில் ஜாக்சன் அதனூடே பயணம் செய்கிறார். வழியெங்கும் அவரைப் பற்றிய பத்திரிகைத் தலைப்புகள். யானை மனிதனின் எலும்புக்கூட்டுடன் அவர் நடனமும் ஆடுகிறார். இறுதியில்தான் அந்தப் பூங்கா எதன்மேல் கட்டப்பட்டுள்ளது என்பது தெரிகிறது. கலிவரைப் போலத் தரையோடு கட்டப்பட்ட ஜாக்சனின் பேருடலே அது. கட்டுகளை அறுத்துக்கொண்டு அவர் எழும்போது பூங்கா சிதறுகிறது. இந்நிகழ்படம் 1990 இல் கிராமி விருது பெற்றது. தன்னைத் தானே கேலி செய்துகொள்ளும் நகைச்சுவை இதில் உண்டு. பின்வந்த பாடல்களில் அது குறைந்துபோனது.

நெவர்லாண்ட்

1988 இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா மாவட்டத்தில் ஏறத்தாழ 2,700 ஏக்கர் பரப்புள்ள பண்ணையை வாங்கி அதற்கு நெவர்லாண்ட் என்று பெயரிட்டார். சே. எம். பாரியின் கதையில் வளராத சிறுவனான பீட்டர் பான் வாழும் நாட்டின் பெயர் அது. இராட்டினங்கள், விலங்குக் காட்சிச்சாலை, சிறு தொடருந்து, திரையரங்கு ஆகியவை அங்கே இருந்தன. நோயுற்ற குழந்தைகளும் வறிய குடும்பத்துக் குழந்தைகளும் குழுக்களாக அழைத்துவரப்பட்டனர். தனக்குக் கிடைக்காத பிள்ளைப் பருவத்தை முப்பது வயதில் விலைகொடுத்து வாங்க முயன்றார் என்று இதைப் பலர் விளக்குவர். இவரும் அவ்வாறே விளக்கினார்.

1991 இல் வெளிவந்த "டேஞ்சரஸ்" தொகுப்பில் "வை யூ வான்னா டிரிப் ஆன் மீ" என்ற பாடல், பசி, நோய், வீடின்மை என உலகில் இத்தனை துன்பங்கள் இருக்கையில் தன்னையே ஏன் ஆராய்கிறீர்கள் என்று கேட்கிறது. இதே தொகுப்பின் "ஹீல் த வேர்ல்டு" பாடலின் பெயரில் 1992 இல் குழந்தைகளுக்கான அறக்கட்டளை ஒன்றை நிறுவினார்.

1993 குற்றச்சாட்டு

1993 ஆகஸ்டில், பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனிடம் இவர் பாலியல் முறைகேடு செய்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அப்போது இவர் ஆசியாவில் இசைப்பயணத்தில் இருந்தார். பயணம் நவம்பரில் பாதியில் நிறுத்தப்பட்டது. வலிநிவாரணி மருந்துப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறுவதாக இவர் அறிவித்தார். திசம்பரில் காவல்துறையினர் இவரது உடலைச் சோதனையிட்டுப் படமெடுத்தனர். 1994 சனவரியில் உரிமையியல் வழக்கு பெருந்தொகை கொடுத்துத் தீர்த்துக்கொள்ளப்பட்டது. தான் குற்றமற்றவர் என்பதில் இவர் உறுதியாக இருந்தார். குற்றவியல் வழக்கு எதுவும் அப்போது தொடரப்படவில்லை. ஆயினும் பணம் கொடுத்தது ஏன் என்ற கேள்வி வாழ்நாள் முழுவதும் இவரைத் தொடர்ந்தது.

1994 மே மாதம் எல்விஸ் பிரெஸ்லியின் மகளான லிசா மேரி பிரெஸ்லியை மணந்தார். இத்திருமணம் 1996 இல் முறிந்தது.

ஹிஸ்டரி (1995)

1995 சூனில் வெளியான "ஹிஸ்டரி" இரட்டைத் தொகுப்பின் முதற்பகுதியில் பழைய பாடல்கள் பதினைந்தும், இரண்டாம் பகுதியில் வேறு பதினைந்தும் இருந்தன. இந்த இரண்டாம் பகுதியே இவரது படைப்புகளில் மிகவும் சினம் மிகுந்ததும் மிகவும் தன்வரலாற்றுத் தன்மை கொண்டதும் ஆகும்.

முதலில் வருவது தங்கை சேனட்டுடன் பாடிய "ஸ்க்ரீம்". அழுத்தம் தாங்காமல் அலறத் தோன்றுகிறது என்பதே பாடலின் கரு. மார்க் ரோமானெக் இயக்கிய கறுப்பு வெள்ளை நிகழ்படத்தில் அண்ணனும் தங்கையும் உலகை விட்டு விலகி ஒரு விண்கலத்தில் திரிகின்றனர். சுமார் 70 இலட்சம் டாலர் செலவானதாகக் கூறப்படும் இது, மிகுந்த செலவில் எடுக்கப்பட்ட இசை நிகழ்படம் என்று கின்னசு நூலில் இடம்பெற்றது. பாடல் அமெரிக்கத் தரவரிசையில் ஐந்தாம் இடத்திலேயே நுழைந்தது.

அதே தட்டின் மறுபக்கத்தில் வெளியானது "சைல்ட்ஹுட்". "ஃப்ரீ வில்லி 2" திரைப்படத்திலும் இது இடம்பெற்றது. ஒரு பக்கம் அலறல், மறுபக்கம் தாலாட்டைப் போன்ற மெல்லிசை என்ற இணைப்பு தற்செயலானதாகத் தோன்றவில்லை. பல்லிய இசையுடன் மெதுவாக நகரும் இப்பாடலில், தன்னை விந்தையானவன் என்று எண்ணுவோர் தீர்ப்புக் கூறுமுன் தான் வளர்ந்த விதத்தை அறிய முயலட்டும் என்று வேண்டுகிறார். தனது வழக்கங்கள் இழந்ததை ஈடுசெய்யும் முயற்சி என்கிறார். நிகழ்படத்தில் இரவுக் காட்டில் அவர் தனியே அமர்ந்திருக்க, சிறுவர்கள் ஏறிய கப்பல்கள் மரங்களுக்கு மேலே வானில் மிதந்து செல்கின்றன. அவர் கப்பலில் ஏறுவதில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறார். தொகுப்பின் கையேட்டில் இப்பாடலுக்கென இவரே வரைந்த ஓவியம் உள்ளது. ஒலிவாங்கியைப் பற்றிக்கொண்டு அறையின் மூலையில் ஒடுங்கியிருக்கும் சிறுவனை அது காட்டுகிறது. தன்னைப் பற்றி அறிய விரும்புவோர் இப்பாடலைக் கேட்க வேண்டும் என்று பின்னாளில் இவர் கூறியதுண்டு.

விமர்சகர்கள் இப்பாடலை ஒருமனதாக வரவேற்கவில்லை. தன்னிரக்கம் மிகுதி என்றனர் சிலர். குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லாமல் இரக்கத்தைக் கோருகிறது என்றும் கூறப்பட்டது. 1994 க்கு முன் வந்திருந்தால் இது வேறு விதமாகக் கேட்கப்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

"டேப்லாய்டு சங்கி" மஞ்சள் பத்திரிகைகளை நேரடியாகத் தாக்குகிறது. செய்தி வாசிப்பாளர்களின் குரல்களை நகலெடுத்த துணுக்குகள் தாளத்துடன் பின்னப்பட்டுள்ளன. அச்சில் வந்ததாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பது அதன் வாதம். எழுதுபவரை மட்டுமன்றி, காசு கொடுத்து வாங்கிப் படிப்பவரையும் அது பொறுப்பாக்குகிறது என்பது குறிப்பிடத்தக்கது. வேறொரு பாடல், தன்னை விசாரித்த மாவட்ட அரசு வழக்கறிஞரைப் பெயரைச் சற்றே மாற்றித் தாக்கியது. "ஸ்ட்ரேஞ்சர் இன் மாஸ்கோ" 1993 செப்டம்பரில், குற்றச்சாட்டு எழுந்த சில வாரங்களில், மழை பெய்த மாஸ்கோவில் எழுதப்பட்டது. யாரையும் குற்றஞ்சாட்டாமல் தனிமையை மட்டும் பாடுவதால், இவ்வரிசையில் இதுவே சிறந்த பாடல் என்று கருதுவோர் பலர். "தே டோன்ட் கேர் அபவுட் அஸ்" பாடலின் சில சொற்கள் யூதர்களை இழிவுபடுத்துவதாகக் கண்டனம் எழுந்தபோது, வருத்தம் தெரிவித்து அச்சொற்களை மாற்றினார்.

தொகுப்பின் இறுதிப் பாடல் "ஸ்மைல்". சார்லி சாப்ளின் தன் "மாடர்ன் டைம்ஸ்" (1936) படத்துக்காக அமைத்த இசைக்குப் பின்னர் வரிகள் எழுதப்பட்ட பாடல் அது. சாப்ளினும் வறுமையில் வளர்ந்து சிறுவயதிலேயே மேடையேறியவர்.

இவ்வளவுக்கும் நடுவே, தனிமையை வேண்டிப் பாடிய இத்தொகுப்பின் விளம்பரத்துக்காக இவரது மாபெரும் உருவச்சிலை ஒன்று இலண்டனின் தேம்சு ஆற்றில் மிதக்கவிடப்பட்டது. இம்முரண்பாடு இவரது வாழ்நாள் முழுவதும் தீரவில்லை. ஹிஸ்டரி இசைப்பயணத்தின்போது 1996 நவம்பர் 1 அன்று மும்பை அந்தேரியில் நடந்ததே இந்தியாவில் இவர் நடத்திய ஒரே இசை நிகழ்ச்சி ஆகும்.

பிற்காலப் பாடல்களும் வழக்கும்

1997 இல் இளவரசி டயானா பாரிசில் விபத்தில் இறந்தார். புகைப்படக்காரர்கள் அவரது ஊர்தியைத் துரத்தி வந்தனர். இம்மரணம் இவரைப் பெரிதும் பாதித்தது. "இன்வின்சிபிள்" (2001) தொகுப்பின் "பிரைவசி" பாடலில் படக்கருவிகளின் ஒலி தாளமாகவே பயன்படுகிறது. டயானாவின் முடிவை நினைவூட்டும் வரிகளும் உண்டு. அதே தொகுப்பின் "த லாஸ்ட் சில்ட்ரன்" வீடு திரும்பாத குழந்தைகளுக்கான வேண்டுதல்.

2001 மார்ச்சில் ஆக்சுபோர்டு மாணவர் சங்கத்தில் நிகழ்த்திய உரையில் தந்தையைப் பற்றி விரிவாகப் பேசினார். தெற்கில் வறுமையிலும் நிறவெறியிலும் வளர்ந்து, ஆலையில் உழைத்துத் தேய்ந்த மனிதரின் கடுமைக்குப் பின்னே ஒருவகை அன்பு இருந்திருக்கலாம் என்றும், அவரை மன்னிக்க விரும்புவதாகவும் கூறினார். "சைல்ட்ஹுட்" பாடலில் தந்தை எங்குமே இல்லை. அந்த இடைவெளியை இவ்வுரை நிரப்புகிறது எனலாம்.

இவருக்கு மூன்று குழந்தைகள் இருந்தனர். பொது இடங்களில் அவர்களின் முகங்களைத் துணியாலோ முகமூடியாலோ மறைத்தே அழைத்துச் சென்றார். தான் இழந்ததை அவர்கள் இழக்கக்கூடாது என்பது நோக்கம். ஆனால் அந்த முகமூடிகளே புதிய செய்திகளாயின. 2002 நவம்பரில் பெர்லின் விடுதி மாடத்தில் கைக்குழந்தையை வெளியே நீட்டிக் காட்டியது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அது பெரும் தவறு என்று இவர் ஒப்புக்கொண்டார்.

2003 பெப்ரவரியில் மார்ட்டின் பஷீரின் ஆவணப்படம் ஒளிபரப்பானது. தன் படுக்கையைச் சிறுவர்களுடன் பகிர்ந்துகொள்வதில் தவறில்லை என்று அதில் இவர் கூறியது அதிர்ச்சியை ஏற்படுத்தியது. அவ்வாண்டு நவம்பரில் கைது செய்யப்பட்டார். 2005 இல் சாண்டா மரியாவில் நடந்த வழக்குக்கு உலகெங்குமிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊடகத்தினர் வந்தனர். 1993 இல் விசாரித்த அதே அரசு வழக்கறிஞரே இவ்வழக்கையும் நடத்தினார். சூன் 13, 2005 அன்று நடுவர் குழு எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் இவரை விடுவித்தது. அதன்பின் இவர் நெவர்லாண்டில் வாழவில்லை.

மறைவு

2009 மார்ச்சில் இலண்டனில் "திஸ் இஸ் இட்" என்ற நிகழ்ச்சித் தொடரை அறிவித்தார். பத்து என்று தொடங்கி ஐம்பது நிகழ்ச்சிகளாக அது விரிந்தது. ஒத்திகைகள் நடந்துகொண்டிருக்கையில் சூன் 25 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் இல்லத்தில் தன் ஐம்பதாவது வயதில் மரணமடைந்தார். உறக்கத்துக்காகச் செலுத்தப்பட்ட புரோபோஃபால் என்ற மயக்கமருந்தே காரணம் எனத் தெரியவந்தது. மருத்துவர் கான்ராட் மர்ரி 2011 நவம்பரில் தன்னறியாக் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

மரணச் செய்தியை முதலில் வெளியிட்டது பிரபலங்களின் வாழ்வைத் துருவும் ஓர் இணையத்தளம். அன்று கூகுளில் இவரது பெயரைத் தேடியவர்களின் எண்ணிக்கை திடீரெனப் பெருகியதால், அத்தேடுபொறியின் வழங்கிகள் அதைத் தானியங்கித் தாக்குதல் என்று தவறாகக் கருதின.

மறைவுக்குப் பின்

2013, 2014 ஆம் ஆண்டுகளில் இருவர், சிறுவயதில் இவரால் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதாக இவரது நிறுவனங்கள் மீது வழக்குத் தொடர்ந்தனர். அவ்விருவரும் முன்பு இவருக்கு ஆதரவாகப் பேசியவர்கள். அவர்களின் கூற்றுகளை விவரித்த "லீவிங் நெவர்லாண்ட்" ஆவணப்படம் 2019 இல் வெளியானபோது, சில நாடுகளில் வானொலி நிலையங்கள் இவரது பாடல்களை ஒலிபரப்புவதை நிறுத்தின. இவரது சொத்து நிர்வாகிகள் இக்கூற்றுகளை மறுத்துள்ளனர். 2023 இல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்குகள் தொடர அனுமதித்தது.

இதனால் "சைல்ட்ஹுட்" போன்ற பாடல்களைக் கேட்பவர்கள் இரு முகாம்களாகப் பிரிந்துள்ளனர். ஒரு தரப்பினருக்கு அது மேடையில் வளர்ந்த குழந்தையின் வாக்குமூலம். மறுதரப்பினருக்கு, பண்ணைக்கு வந்த பிற குழந்தைகளின் பிள்ளைப் பருவத்தைப் பற்றிக் கேட்கத் தூண்டும் பாடல் அது. தந்தை ஜோசப் ஜாக்சன் 2018 சூனில் காலமானார். இருவரின் கல்லறைகளும் கலிபோர்னியாவின் கிளென்டேல் நகரில் ஒரே இடுகாட்டில் அமைந்துள்ளன.